வயிறு சொன்ன வீடு

கலைவேந்தனைப் பொறாமைக்காரன் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வராது. "ஆமாம்பா, எனக்கு வயித்தெரிச்சல் கொஞ்சம் ஜாஸ்தி" என்பான், தனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்வதைப் போல. நான் கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டு ஓரம் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். நாளெல்லாம் மனிதர்களைப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டில் ஏசி மாட்டினால் அன்று சாயங்காலமே என் கடைக்கு வந்து, "சும்மா வெல கேட்டுட்டுப் போலாம்னு" என்று பல்லை இளிப்பவர்கள்தான் இங்கே அதிகம். எரிவதை எரிகிறது என்று வாய்விட்டுச் சொல்கிறவன் எனக்குத் தெரிந்து கலைவேந்தன் ஒருவன்தான். அதனால்தான் பள்ளிக்கூடத்தில் பிடித்த சிநேகத்தை நான் இன்னும் விடவில்லை.

அவனுக்குப் பாகூர் ஏரிப் பாசனத்தில் நிலம் இருக்கிறது. நெல்லும் கரும்பும் போடுகிறான். விவசாயத்துக்கும் அவனுக்கு வயிறுதான் வழிகாட்டி. பயிர் பிடித்து நிற்கும் காலத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் அடுத்தவன் வரப்பில் நடப்பான். ஒரு வயலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான் என்றால் அங்கே எரிகிறது என்று அர்த்தம். "எவன் பயிரப் பாத்தா எனக்கு எரியுதோ, அவன்கிட்டதான் அடுத்த போகத்துக்கு வெத வாங்குவேன். இதுவரிக்கும் தப்பினதில்ல" என்பான். மஞ்சுளாவைப் பெண் பார்க்கப் போனபோதும் இதே கதைதான். அவளுக்கு வேறு இடத்திலும் பேச்சு நடக்கிறது என்று தரகர் சொன்னதும், முகம் தெரியாத அந்த மாப்பிள்ளை மேல் இவனுக்கு எரிந்திருக்கிறது. உடனே தலையாட்டிவிட்டான். மஞ்சுளா இதைச் சில நாள் பெருமையாகச் சொல்வாள், சில நாள் குத்திக்காட்டுவாள்.

ஆனால் மற்ற எரிச்சல் எல்லாம் ஒரு பக்கம், தம்பி ராஜேஷ் ஒரு பக்கம்.

ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது முதலில் போனவன் கலைவேந்தன்தான். ஏரிக்கரையில் விடியற்காலையில் ஓடிப் பழகியவன். ஓட்டத்தில் முன்னால் வந்தான், கம்பியில் தொங்கி ஏறினான், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் டாக்டர் அவனைச் சும்மா நேராக நிற்கச் சொன்னார். இரண்டு முட்டியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அப்படி முட்டி தட்டுகிறவனைப் பட்டாளத்தில் எடுக்க மாட்டார்கள், அனுப்பிவிட்டார்கள். அவனுடைய சட்டையையும் செருப்பையும் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றிருந்த ராஜேஷ், பிற்பாடு இன்னோர் ஆள் எடுப்பில் அண்ணன் ஓடிப் பழகிய அதே ஷூவை மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். "ஷூவாவது புதுசு வாங்கியிருக்கலாம்டா அவன்" என்று கலைவேந்தன் இன்றைக்கும் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொல்வான்.

ராஜேஷ் இப்போது பட்டாளத்தில் நாயக், சட்டைக் கையில் இரண்டு பட்டை. அவன் லீவில் வரும்போதெல்லாம் கலைவேந்தனுக்குச் சோறு இறங்காது. தம்பியின் மீசை எரியும். சக்கரம் வைத்த பெட்டி எரியும். பஸ் கண்டக்டர் தம்பியை "சார்" என்பதும் தன்னை "பெரியவரே, உள்ள போங்க" என்பதும் பொறுக்காது. இருவருக்கும் இடையில் அப்படியொன்றும் வயது வித்தியாசம் இல்லை. வெயிலில் நின்று கரும்பு வெட்ட ஆள் தேடுகிறவன் முகம் சீக்கிரம் கிழடு தட்டும், அதற்கு என்ன செய்வது?

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவன் தம்பியைப் பார்த்து எரிந்ததில்லை. ராஜேஷுக்குக் கல்யாணமான நாளிலிருந்து பனிமலை, எல்லை என்று குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியாத இடங்களாகவே கிடைத்தன. மனைவி சரண்யா, வில்லியனூர்ப் பெண், இங்கேயே கலைவேந்தன் வீட்டில்தான் இருந்தாள். மகள் அபிதா பிறந்து வளர்ந்ததும் இங்கேதான். கலைவேந்தனுக்கு இரண்டும் பையன்கள். அபிதா "பெரிப்பா" என்று அவன் தோளில் ஏறித்தான் ஏரிக்கரையைப் பார்த்தாள். அப்பா அவளுக்குச் செல்போனில் தெரியும் ஒரு மீசை, அவ்வளவுதான்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் ராஜேஷுக்கு ராஜஸ்தானில் பிகானேர் பக்கம் மாற்றல் ஆனது. குடும்பத்தோடு இருக்கலாம். முகாமுக்குள்ளே குவார்ட்டர்ஸ் கிடைக்க நாளாகும், அதுவரை வெளியே வாடகைக்கு வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே குடும்பம் நிலைத்துவிட்டால் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். வீடு சரிப்படாவிட்டால் சரண்யாவும் குழந்தையும் திரும்பி வரவேண்டியதுதான், மறுபடியும் செல்போன் மீசைதான்.

செய்தி கேட்ட அன்று கலைவேந்தன் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். பிறகு, "அபி இனிமே அவன் தோள்லதான் ஏறும், இல்ல?" என்றான். அவனுக்கு ஒரு டீ சொன்னேன்.

அடுத்த வாரமே ராஜேஷ் போன் செய்தான். அவனுக்குப் பாலைவனத்தில் பயிற்சி, வெளியே வர முடியாது. கூட வேலை பார்க்கும் திலீப் என்ற கடலூர்க்காரப் பையன் வீடுகளைப் போய் வீடியோவில் காட்டுவான். "நீதான் பாத்து சொல்லணும்ணா. வூடு விஷயத்துல உனக்குத் தெரியாததா? நீ சொன்னா எனக்கு சரி" என்றான். தம்பி தன்னிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. கலைவேந்தன் அன்று முழுக்கச் சட்டையில் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு திரிந்தான்.

வீடு பார்க்கும் நாளில் நானும் அங்கே இருந்தேன். ஸ்விட்ச் மாற்றப் போனவனை உட்கார வைத்துவிட்டார்கள். மஞ்சுளா, சரண்யா, அவள் மடியில் அபிதா, நான், நடுவில் போனைப் பிடித்தபடி கலைவேந்தன்.

திலீப் முதலில் காட்டியது ஒரு பழைய வீடு. கீழ்த்தளம். கல் சுவர், முழங்கை நீளத்துக்குத் தடிப்பம். ஜன்னல்கள் தபால்பெட்டி வாய் அளவுக்கு. வாசலில் ஒரு வேப்பமரம், அதன் கீழே கட்டிலில் வீட்டுக்காரக் கிழவி. உள்ளே போனதும் போனில் ஒன்றுமே தெரியவில்லை, அவ்வளவு இருட்டு.

"இன்னாது இது, ரேஷன் கடை குடோனாட்டம் கீது" என்றாள் மஞ்சுளா.

"காத்து எப்படிப்பா வரும்?" என்றான் கலைவேந்தன். "எம் தம்பி பொண்டாட்டி இன்னா மூட்டையா, இதுக்குள்ள அடுக்கி வைக்க? அடுத்தத காட்டு."

அடுத்தது மாடி வீடு. புதுக் கட்டடத்தில் மேல் தளம். மூன்று பக்கமும் பெரிய ஜன்னல். தரையில் முகம் தெரியும் டைல்ஸ். திலீப் பால்கனிக்குப் போனான். அங்கிருந்து முகாமின் கேட்டும், காவலுக்கு நிற்கும் சிப்பாயும், கொடியும் தெரிந்தன. போனில் காற்று ஹோவென்று இரைந்தது. திலீப் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வீடு என்றால் காற்றுதான். மத்தியானச் சோறு முடிந்து உட்கார்ந்தால் கிழக்கேயிருந்து கடல் காற்று வரும். மாடியும் கிழக்கு ஜன்னலும் வைத்தவனைத்தான் கொடுத்துவைத்தவன் என்போம். காற்று வரும் இடத்தில் தொட்டில் கட்டுவோம், காற்று வராத வீட்டில் பெண் கொடுக்க யோசிப்போம். வேறு மாதிரி ஒரு காற்று உலகத்தில் இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அதுவும் அது தை மாதம், வெயில் யாருக்கு ஞாபகம் வரும்?

கலைவேந்தன் போனை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். கண் அந்தக் கேட்டிலேயே நின்றது. மறு கையால் வயிற்றைத் தடவினான்.

"இன்னாங்க?" என்றாள் மஞ்சுளா.

"எரியுதுடி" என்றான். "இப்படி எரிஞ்சதே இல்ல. இந்த ஜன்னலாண்ட உக்காந்து காப்பி குடிச்சுக்கினு அந்தக் கேட்டப் பாக்கப்போறான் பாரு, அத நெனச்சாலே எரியுது. இதான் நல்ல வூடு. திலீப்பு, முடிச்சிடு."

சரண்யா சிரித்துவிட்டாள். "மாமா வயிறே சொல்லிடுச்சி, அப்புறம் இன்னா" என்றாள். நானும் அந்த மாடி வீட்டுக்குத்தான் தலையாட்டினேன். சரண்யாவும் அபிதாவும் ராஜேஷிடம் போய்ச் சேர்ந்தார்கள்; மாசி மாதம் நல்ல நாள் பார்த்து அங்கே பால் காய்ச்சினார்கள். பால் பொங்கியதை வீடியோவில் காட்டினார்கள். கலைவேந்தன் பார்த்துவிட்டு அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று மஞ்சுளா சொன்னாள். எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

பங்குனி பிறந்ததும் சரண்யாவின் பேச்சு மாறியது. மேலே வெறும் மொட்டை மாடி, பகலெல்லாம் சூடு குடித்து ராத்திரியெல்லாம் கக்கியது. தொட்டித் தண்ணீரைக் குழாயில் பிடித்தால் கை பொறுக்கவில்லை. பெரிய ஜன்னல்கள் மூன்றையும் சாத்திப் போர்வை தொங்கவிட வேண்டியதாயிற்று. அந்த ஊர் மேல்காற்று மணலோடு வந்து முகத்தில் அறைந்தது. கூலர் வாங்கினார்கள், அதற்கு ஊற்றவே தண்ணீர் போதவில்லை. சித்திரையில் ஒரு நாள் அபிதாவுக்குச் சில்லுமூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. ராஜேஷ் இருவரையும் ஊருக்கே திருப்பி அனுப்ப டிக்கெட் பார்க்க ஆரம்பித்தான்.

செய்தி ஊருக்குள் வந்துவிட்டது. டீக்கடையில் பக்கிரி, வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத ஆள், எல்லோர் முன்னாலும் கேட்டான்: "இன்னா கலைவேந்தா, தம்பி குடும்பத்தக் கொண்டுபோயி அடுப்புமேல குந்த வச்சிட்டியாமே? இப்பவாவது வயிறு குளுந்துச்சா?"

கடையே சிரித்தது. கலைவேந்தன் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனான். இதில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. அதே வீட்டுக்கு நானும்தான் தலையாட்டினேன். என்னை ஒரு ஆளும் கேட்கவில்லை. ஏனென்றால் என் பொறாமையை நான் சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறேன். கலைவேந்தன் அதைத் தெருவில் காயப்போட்டவன், அதனால் நடந்த கெடுதல் எல்லாம் அவன் கணக்கில் ஏறியது. நான் பக்கிரியிடம் அதைச் சொன்னேன். அவன் அதற்கும் சிரித்தான்.

பக்கிரி கேட்டதுகூடப் பரவாயில்லை. அன்று மஞ்சுளாவே சோறு போட்டுக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"உண்மைய சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வேணும்னுதானே அந்த வூட்ட சொன்னீங்க?"

அவன் தட்டில் கையைக் கழுவிவிட்டான். ராஜேஷ் அதற்குப் பிறகு அண்ணன் போனுக்குக் கூப்பிடவில்லை, மஞ்சுளா போனுக்குத்தான் கூப்பிட்டான். "அண்ணன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி, விடுங்க, அவரு மனசு அப்படி" என்று அவன் சொன்னது கொல்லையில் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்த கலைவேந்தன் காதில் விழுந்திருக்கிறது.

அதைக் கலைவேந்தன் என் கடையில் வந்து சொன்னான். "அவன் திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்டா. மன்னிச்சிட்டான்டா என்னய. பண்ணாத தப்புக்கு மன்னிச்சிட்டான்." ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டு, "அந்த வூட்டப் பாத்து எனக்கு எப்படி எரிஞ்சுது தெரியுமா? இருக்கறதுலயே எனக்கு எது வேணுமோ அதத்தான் அவனுக்கு எடுத்துக் குடுத்தேன். இத எவன்கிட்ட சொல்ல?" என்றான்.

அவன் சொன்னது நிஜம். ஆனால் ஊரில் யாரும் நம்பக்கூடிய நிஜம் அல்ல. அந்த நாட்களில் அவனுக்கு எதைப் பார்த்தும் எரியவில்லை. அறுவடை எந்திரம் புதிதாக வாங்கிய ஒருவன் எங்கள் முன்னாலேயே ஓட்டிக்கொண்டு போனான். இவன் ஏதோ ஆட்டுக்குட்டி போவதைப் பார்ப்பது போலப் பார்த்தான். எனக்குப் பயமாகிவிட்டது.

கத்திரி தொடங்கிய சமயம். ஒரு நாள் உச்சி வெயிலில் மோட்டார் பார்க்க அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் மஞ்சுளா அண்ணாந்து கத்திக்கொண்டிருந்தாள். கலைவேந்தன் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தான். காலை மாற்றி மாற்றி வைத்தான், ஆனால் இறங்கவில்லை.

"இன்னா பண்றீங்க அங்க? பைத்தியம் புடிச்சிடுச்சா?"

"சரண்யாவும் குழந்தையும் எப்படிக் கீதுங்கன்னு பாக்கறேன்" என்றான்.

மஞ்சுளா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்து, பாதத்தில் தண்ணீர் ஊற்றினாள். "நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவள் திட்ட ஆரம்பித்தாள், அவளுக்குப் பாசம் வந்தால் அப்படித்தான் வரும்.

"நம்ம வூட்டு நாயே இந்நேரத்துல மாடிப்படி ஏறாது. அதோ பாருங்க, மாட்டுக் கொட்டாயில சொவுத்தோரம் இருட்டுல போயி மண்ணப் பறிச்சிக்கினு படுத்திருக்குது. நாய்க்குத் தெரியுது, உங்களுக்குத்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "இன்னாங்க, அந்த ஊரு நாயி மத்தியானத்துல எங்க படுக்குதுன்னு கேட்டுப் பாருங்களேன்."

கலைவேந்தன் அவளைப் பார்த்தான், நாயைப் பார்த்தான், போனை எடுத்தான். சரண்யாவிடம் அவனே பேசினான், அந்தப் பிரச்சினை வந்த பிறகு முதல் தடவையாக.

"சரண்யா, மாமா வேணும்னு பண்ணலம்மா" என்றான். "அந்த வூட்டப் பாத்து எனக்கு அப்படி எரிஞ்சுது. அதான் நல்ல வூடுன்னு நெனச்சிட்டேன். நம்ம ஊரு காத்த வச்சிக்கினு அந்த ஊர அளந்துட்டேன்."

"எனக்குத் தெரியும் மாமா" என்றாள் சரண்யா. "எரிஞ்சதுன்னு சொன்னப்ப உங்க மொகத்த நான்தான் பக்கத்துல பாத்தேனே. அவருகிட்டயும் சொன்னேன். அவரு கேட்டாத்தானே."

போனை மஞ்சுளா வாங்கி, நாய் விஷயத்தைச் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் சரண்யா தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு அந்தத் தெருக்களில் நாய் தேடிப் போனாள். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி உச்சி வெயிலில் நாய் தேடிப் போனதை அந்த ஊர்க்காரர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்களோ தெரியாது. கடைசியில் அவள் போய் நின்றது, நாங்கள் குடோன் என்று தள்ளிய அந்தக் கல் வீட்டு வாசலில். படியோரம் வரிசையாக நாய்கள். அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு ஆடுகள். உள்ளே தரையில் வீட்டுக்காரக் கிழவி கையைத் தலைக்கு வைத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு இன்னும் வாடகைக்கு ஆள் வரவில்லை. பார்க்க வந்த தெற்கத்திக்காரர்கள் எல்லோரும் இருட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்களாம்.

இரண்டு நாள் கழித்து வீடியோவில் கூப்பிட்டாள். எனக்கும் ஆள் அனுப்பி வரச் சொன்னார்கள். இங்கே கரண்ட் இல்லை. வானம் மூடிக்கொண்டு, கடல் காற்று எங்கேயோ தொலைந்து போயிருந்தது. நாங்கள் மூவரும் வேர்வையில் தொப்பலாக நனைந்து, ஆளுக்கொரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தோம். மஞ்சுளா போனைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் இருட்டுதான் தெரிந்தது. பிறகு கண் பழகியதும் கல் தரை, அதில் ஒரு பாய், பாயில் அபிதா. கழுத்துவரை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சித்திரை மாதத்து மத்தியானத்தில், பாலைவனத்தில், போர்வை.

பக்கத்தில் ராஜேஷ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். குழந்தையின் ஒரு கை அவன் பனியனைப் பிடித்திருந்தது. அவன் கேமராவைப் பார்க்காமல் குனிந்துகொண்டு, "அண்ணா" என்றான்.

சரண்யாதான் பேசினாள். "கெழவி ரெண்டு நாளா மத்தியானத்துல சும்மா இங்க வந்து படுத்துக்கன்னு உட்டிருக்குது. சாவி குடுத்துடுச்சி. ஆனா இன்னும் பால் காய்ச்சல மாமா. நீங்க பாத்து சொல்லுங்க, அப்புறம் காய்ச்சறேன்."

கலைவேந்தன் துண்டால் கழுத்தைத் துடைத்தான். திரும்பவும் பார்த்தான். போர்வையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், தம்பியின் பனியனைப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கையை வெகுநேரம் பார்த்தான். அவன் முகம் மெல்லக் கோணிக்கொண்டு போனது. எனக்கு அந்த முகத்தைச் சின்ன வயதிலிருந்து தெரியும். பழைய கலைவேந்தன் திரும்பி வந்துகொண்டிருந்தான். அவன் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

"இன்னாங்க?" என்றாள் மஞ்சுளா. "எரியுதா?"

"எரியுதுடி."

"நெஜமாவா? நல்லா எரியுதா?"

"தாங்க முடியலடி" என்றான் கலைவேந்தன். கன்னத்தில் வேர்வையோடு கண்ணீரும் இறங்கியது.

மஞ்சுளா போனை வாய்க்கு அருகில் கொண்டுபோய்ச் சொன்னாள்: "சரண்யா, பால வைம்மா அடுப்புல."